சுஜாதா: வாசகர் இரண்டுபடும் இடம்

எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவரைப் பற்றிய வழக்கு முடியவில்லை. கல்கிக்குப் பிறகு இவ்வளவு பேரால் படிக்கப்பட்டு, இவ்வளவு சந்தேகத்துடனும் பார்க்கப்பட்ட தமிழ் எழுத்தாளர் அவர்தான் என்பது என் எண்ணம். ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமியைப் பற்றி இன்றைய இளைஞர்கள் ஆங்கிலத்தில் போடும் சண்டையைக் கேட்டால், எண்பதுகளில் மேற்கு மாம்பலத்து வாடகை நூலகத்தில் கேட்ட அதே குரல்கள் காதில் விழுகின்றன.

அந்த நூலகங்களில் குமுதம், ஆனந்த விகடன், தினமணி கதிர் தொடர்கதைகளை வாரவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருப்பார்கள். ஜெயராஜின் ஓவியங்களோடு. நடுவில் ஓர் அத்தியாயம் காணாமல் போயிருக்கும். அதற்கும் வரிசை நிற்கும். அதே அறையில் தி. ஜானகிராமனையும் அசோகமித்திரனையும் தேடி வருபவர்கள் சுஜாதா பைண்டுகளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இரு தரப்பும் கவனிக்காத ஒன்று உண்டு. அசோகமித்திரன் ஆசிரியப் பொறுப்பில் இருந்த 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தை 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் எழுதியவர் இதே சுஜாதாதான். வெகுஜன வார இதழும் சிற்றிதழும் ஒரே ஆளிடம் எழுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

முதல் குற்றச்சாட்டு மொழியைப் பற்றியது. எங்கள் தமிழாசிரியர்கள் இதில் மிகக் கடுமையாக இருந்தார்கள். வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார், ஆங்கிலச் சொல்லை அப்படியே போடுகிறார், ஒருவன் படியிறங்கினால் எழுத்துகளையும் படிபோல இறக்கி அச்சிடச் சொல்கிறார் என்று கோபித்துக்கொள்வார்கள். முரகாமிக்கும் இதே கதைதான். தம் முதல் நாவலின் (1979) தொடக்கப் பக்கங்களை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துப் பிறகு ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் நடையில் 'வெண்ணெய் வாடை' அடிப்பதாக ஜப்பானிய விமர்சகர்கள் சொன்னார்கள். மேல்நாட்டு வாடை என்று பொருள். அகுதகாவா பரிசுக்கு இருமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. சுஜாதாவுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைக்காததை அவருடைய வாசகர்கள் இன்றும் மறப்பதில்லை.

மொழி பற்றிய வழக்கில் நான் சுஜாதா பக்கம். இன்று செய்தித்தாளில் வரும் சிறிய வாக்கியமும், வினைச்சொல்லை முன்னுக்குத் தள்ளும் வேகமும் பெரும்பாலும் அவர் போட்ட பாதை. அவரைத் திட்டிய தமிழாசிரியர்களின் மாணவர்கள் அந்த நடையில்தான் எழுதுகிறார்கள். புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் திருக்குறளுக்கு உரையும் எழுதியவரைத் தமிழ் அறியாதவர் என்று சொல்வதும் சரியாகாது. ஹைக்கூ பற்றியும் ஓர் அறிமுக நூல் எழுதினார்.

ஆனால் அவருடைய ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. "சுஜாதாவைப் படித்துத்தான் நாங்கள் மற்றவர்களிடம் போனோம்" என்பார்கள். இது பாராட்டா, அவமதிப்பா? ஓர் எழுத்தாளரை ஏணியாக மட்டும் பார்ப்பது. தவிர, ஏறியவர்கள் குறைவு. நான் அறிந்த பலர் கணேஷ், வசந்தோடு நின்றுவிட்டார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மறுதரப்பு 'ஆழமில்லை' என்கிறது. இங்கே எந்த நூல் என்று கேட்க வேண்டும். 1968-இல் வந்த 'நைலான் கயிறு' தொடங்கி அவருடைய பெரும்பாலான நாவல்கள் வாரத் தொடர்கள். ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு கொக்கி வேண்டும். இருபது, முப்பது கொக்கிகளில் தொங்கும் கதையில் மனிதர்கள் வளர இடமில்லை. 'ரத்தம் ஒரே நிறம்' நாவலுக்கு நேர்ந்தது வேறு விதம். 1857 பின்னணியில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற பெயரில் குமுதத்தில் தொடங்கி, எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு இந்தப் பெயரில் வந்தது. தொடர்கதை என்பது எழுத்தாளன் மட்டும் எழுதுவதல்ல. பத்திரிகையும் வாசகரும் கூடவே எழுதுகிறார்கள். சிறுகதையில் அவருக்கு அந்தச் சுமை இல்லை, அதனால்தான் அங்கே அவர் வேறு ஆளாகத் தெரிகிறார்.

மூன்றாவது குற்றச்சாட்டு பெண்களைப் பற்றியது. இதில் நான் எதிர்த்தரப்பு. ஒருமுறை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் மேசைக்கடியில் இருந்த சுஜாதா நாவலைப் பறிமுதல் செய்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவோடிரவாக முடித்துவிட்டு மறுநாள் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். (அவள் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.) இப்போது அந்த வகை நாவல்களைத் திரும்பப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. அறைக்குள் ஒரு பெண் நுழைந்தால் முதலில் வசந்தின் கண் அவளை அளக்கிறது. அது பாத்திரத்தின் குணம் என்று விட்டுவிடலாம். ஆனால் வசந்த் இல்லாத பக்கங்களிலும் கதைசொல்லி அதே கண்ணால்தான் பார்க்கிறார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து தொடரும் 'எப்போதும் பெண்' எழுதியவர் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. பார்க்கத் தெரியாதவர் அல்லர், வேண்டியபோது பார்த்தார்.

முரகாமியிடம் இதைப் பெண் நாவலாசிரியர் மியெகோ கவகாமி நேரிலேயே கேட்டார். உங்கள் கதைகளில் பெண்கள் ஆண்களின் பயணத்துக்கு வழிகாட்டிகளாக மட்டுமே வருவது ஏன் என்ற பொருளில். அந்த நீண்ட உரையாடல் ஜப்பானில் 2017-இல் நூலாக வந்தது. கேட்டவர் முரகாமியின் தீவிர வாசகர் என்பதுதான் முக்கியம். ரசிப்பவர்தான் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும். கென்சபுரோ ஓயே முரகாமியின் எழுத்தை முதலில் குறைத்து மதித்தவர். அவரே, நோமோன்ஹான் போரைத் தொட்டுச் செல்லும் முரகாமியின் பெரிய நாவலுக்கு யோமியுரி பரிசு வழங்கப்பட்டபோது பாராட்டினார். விமர்சகர் கட்சி மாறலாம். அதற்கு அடுத்த நூலைப் படித்தாக வேண்டும்.

இருவருக்கும் இன்னொரு பொதுக் குணம். 2002-இல் வந்த ஒரு நாவலுக்காக வாசகர்கள் அனுப்பிய சுமார் 8,000 கேள்விகளில் 1,200-க்கு முரகாமியே விடை எழுதினார். சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அறிவியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பெல் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணியில் பங்கேற்ற பொறியாளர், யாரோ ஒரு பள்ளிப் பையனுக்குப் பொறுமையாக விளக்கினார். வாசகர்களின் பாசத்துக்கு இதுதான் வேர். கதையின் தரத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாசம் குறுக்கே வந்து நிற்கிறது.

மாணவர்கள் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் 'நகரம்' சிறுகதையைச் சொல்கிறேன். கிராமத்துத் தாய் வள்ளியம்மாள், மூளைக்காய்ச்சல் கண்ட மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் நோயைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார், உடனே சேர்க்கவும் சொல்கிறார். கெட்டவர் என்று கதையில் ஒருவரும் இல்லை. சீட்டு, கையெழுத்து, சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி, நாளைக் காலை வா என்ற பதில். இவை போதும். வள்ளியம்மாள் ஊருக்கே திரும்பிவிடுகிறாள், காசு காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டு. டாக்டர் அவளைத் தேடும்போது அவள் அங்கில்லை.

கதை முடியும் இடத்தில் எங்கள் வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிரியும். அவள் நம்பிக்கையைப் பார்த்து ஆசிரியர் கேலி செய்கிறார் என்று சிலர். அப்படியில்லை, நகரம் அவளுக்கு விட்டுவைத்தது அது ஒன்றுதான் என்று சிலர். சுஜாதாவின் குரல் அங்கே இயல்பான அதே இலேசான குரலில்தான் இருக்கிறது, எந்தப் பக்கமும் சாயவில்லை. பாடம் நடத்திய காலத்தில் இரண்டாவது தரப்புக்கே மதிப்பெண் போட்டேன். இப்போது படித்தால் முதல் தரப்புப் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.