நின்ற வண்டியின் வயது

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். "சிங்கிள் ஓனர், பத்தாயிரம்கூட ஓடலை" என்றால் பேரம் பாதி முடிந்த மாதிரி. டீசல் ஜீப்புக்கு இந்தக் கணக்கு சரி. மின்சார காரிலும் டயர், சஸ்பென்ஷன் எல்லாம் ஓட்டத்தில்தான் தேய்கின்றன. மலைச்சாலைக் குழிகளில் அடிவாங்காத வண்டி நல்லதே. ஆனால் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்கு. அதன் வயதை கிலோமீட்டர் சொல்வதில்லை. 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்சான் இவியின் பேட்டரி 30.2 யூனிட். ஒரு முழு சார்ஜுக்கு 200 கி.மீ. என்று வைத்தால், 10,000 கி.மீ. ஓடிய வண்டி செலவழித்தது 50 சார்ஜ் சுற்று, 40,000 ஓடியது 200 சுற்று. அதிலுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களோ ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தாங்குபவை. நடுவிலுள்ள 150 சுற்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயமில்லை.

"ஓடாமல் நின்றால் பேட்டரிக்கு ஓய்வுதானே?" என்று கேட்கலாம். நிற்கும்போதும் செல் மூப்படைகிறது. கிராஃபைட் மேல் படியும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், உள்ளிருக்கும் லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறைப்பிடிக்கிறது. வெயிலும் நிறைந்த சார்ஜும் அதை விரட்டுகின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், குளிரூட்டும் ஏற்பாடு இல்லாத நிசான் லீஃப் கார்கள் வாங்கிய இரண்டே ஆண்டுகளில் கொள்ளளவை இழந்ததாக 2012-இல் எழுந்த புகார்கள் பாலைவன வெப்பத்தின் வேலை. இந்த வகையில் எங்கள் நீலகிரிக் குளிரிலுள்ள கட்டபெட்டு கொடுத்துவைத்த ஊர். பாதி சார்ஜில் இங்கே ஷெட்டில் நின்ற காருக்கு நான் தயங்காமல் நல்ல விலை சொல்வேன். அதே கார் நூறு சதவீத சார்ஜோடு கோயம்புத்தூர் வெயிலில் மூன்று கோடை நின்றிருந்தால் கதை வேறு. டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் பிளேட்டு வண்டி எங்கே நின்றது என்பதற்குச் சாட்சியாகாது. அந்த நெக்சானின் பேட்டரி வாரண்டியும் நாள்காட்டியைப் பார்க்கிறது: எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. ஐந்து ஆண்டு சும்மா நின்றாலும் மிச்சம் மூன்றுதான்.

ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பாரும் உண்டு. மலையில் அந்தச் சோதனை ஏமாற்றும். கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,500 மீட்டர் உயரம் குறைகிறது. ஒன்றரை டன் வண்டிக்கு அது 6 யூனிட் ஆற்றல். அதில் ஒரு பகுதி இறக்கத்தில் பேட்டரிக்கே திரும்புவதால், களைத்த பேட்டரியும் கீழே போய்ச் சேரும்போது திடமாகவே தெரியும். ஏறி வந்தால் நல்ல பேட்டரிகூட மளமளவென்று இறங்கும். ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெடுநாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் செத்திருப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரி, அதை மாற்றிவிடலாம். நம்பத்தக்கது மின்மீட்டர். ஒருமுறை முழுக்க ஏற்றிவிட்டு, இரும்பு பாஸ்பேட் செல்லில் தடுமாறும் சதவீதக் கணக்கைச் சரிப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு 20 சதவீதம்வரை ஓட்டி இறக்கி, இரவில் நூறுவரை ஏற்றுங்கள். புதிய 30.2 யூனிட் பேட்டரி ஏறக்குறைய 24 யூனிட் குடிக்கும். சார்ஜரில் வீணாவதோடு மீட்டரில் 26, 27 காட்டும். 21, 22-இல் நின்றுவிட்டால் அந்தக் குறைவை விலையில் கழியுங்கள். இரண்டு ராத்திரி சார்ஜுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா, எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.