‘தவறு’ நகர்ந்தால் நிலம் நடுங்குமா?



ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நிலநடுக்கம் பற்றிய திட்டப்பணியைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஒரு வரி: “தவறுகளின் நெடுகிலும் நிலநடுக்கங்கள் ஏற்படுகின்றன.”

“யாரு செஞ்ச தவறுப்பா?” என்று கேட்டேன்.

“தெரியல சார். கலைக்களஞ்சியத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

தேடிப் பார்த்தேன். இணையத்தில் கிடைத்த புவி இயற்பியல் கட்டுரை ஒன்றில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது! பாறை உடைந்து, இரு பக்கமும் உரசி நகர்ந்த இடத்தை ஆங்கிலத்தில் ‘ஃபால்ட்’ என்பார்கள். தமிழில் அது பிளவுப்பெயர்ச்சி. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள். பையன் மேல் குற்றமில்லை. அச்சில் இருப்பதை நம்பினான்.

கட்டுரையை எழுதியவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஈர்ப்பு, காந்தம், வெப்பம், அதிர்வு என்று தலைப்புகளை நன்றாகவே பிரித்திருக்கிறார். ஆனால் திருத்த வேண்டியவை உள்ளன.

முதலாவது, தொடக்கம். ‘புவியின் இயற்பியலை ஆராய்வது புவி இயற்பியல்’ என்றால் மாணவனுக்கு என்ன புரியும்? இப்படித் தொடங்கலாமே: பூமியின் மையம் ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் கோலாவில் தோண்டிய ஆழ்துளையோ 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. மாம்பழத் தோலைக்கூட முழுசா துளைக்கவில்லை! அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படி அறிந்தோம்? இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் உயிர்.

இரண்டாவது, காரணம் இல்லாத செய்தி. ‘வெளிக்கரு திரவம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தின் ஊடே செல்லா. அவை வெளிக்கருவைக் கடந்து வராததே சான்று. அதன் உள்ளே இன்னொரு கரு உண்டென்று 1936இல் அலைப் பதிவுகளைக் கொண்டு காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் என்ற பெண்மணி. அவர் பெயரே இல்லை.

மூன்றாவது, அளவு. ஓர் எண் கூடினால் ‘பத்து மடங்கு வலிமை’ என்கிறது கட்டுரை. பத்து மடங்காவது அலையின் வீச்சு. வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு.

நான்காவது, நம் மண். எடுத்துக்காட்டெல்லாம் கலிபோர்னியா, ஜப்பான். 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் கடலடி நடுங்கியது. பினாங்கு, கெடா கரைகளிலும் அலை ஏறியது. 2015 ஜூன் 5இல் சபாவின் ரானாவில் 6.0. கினபாலு மலையில் 18 பேர் மாண்டார்கள். அவர்களில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் உண்டு. ‘நிலநடுக்கம் வேறு நாட்டுச் சங்கதி’ என்று நம் பிள்ளைகள் நினைக்கலாமா?

ஒரு வேண்டுகோள். ஒரு பாட வேளையை ஒதுக்குங்கள். கட்டுரையைக் குழுவுக்கு ஒரு பத்தியாகப் பிரித்துக் கொடுங்கள். புரியாத சொல்லை வட்டமிடட்டும், எண்களைப் பாடநூலோடு ஒப்பிடட்டும், பிறகு சொந்தத் தமிழில் எழுதட்டும். நீங்கள் சரிபார்த்துப் பதிவேற்றுங்கள்.

என் மாணவன் திருத்திய வரி இது: “பிளவுப்பெயர்ச்சியில் பாறைகள் சட்டென நகரும்போது நிலம் நடுங்குகிறது.” அடுத்த பிள்ளை இதைப் பார்த்து எழுதினால் நமக்குக் கவலையில்லை.