காம்யுவின் எலிகளும் முல்பாகல் வெள்ளெலிகளும்

ஆல்பெர் காம்யுவின் 'பிளேக்' நாவலைத் தங்கவயல்காரர் ஒருவர் படித்தால் தொடக்கத்திலேயே நிமிர்ந்து உட்காருவார். மருத்துவர் ரியே தன் அறையை விட்டு வெளியே வருகிறார். காலடியில் செத்த எலி. எங்கள் ஆயா வடஆற்காட்டுப் பேச்சில் சொல்வார்: "வூட்ல எலி தானா செத்து வுழுந்தா, சோத்தைக்கூடப் பாக்காம கழனிப்பக்கம் போயிடணும்டா." ரியேவுக்குப் பல நாள் கழித்துப் புரிந்தது ஆயாவுக்கு முன்பே தெரியும்.

1947இல் வந்த இந்நாவல் நாஜி ஆக்கிரமிப்பின் உருவகம் என்பார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு முடிவைப் பற்றியது. கிருமி சாவதில்லை, மரச்சாமான்களிலும் துணிமணிகளிலும் பல்லாண்டு உறங்கி, ஒருநாள் தன் எலிகளை எழுப்பும் என்று ரியே எண்ணுகிறார். கிருமி சாவதில்லை என்பது சரி. இருப்பிடம்தான் தவறு.

அது உறங்குவதில்லை, காட்டு எலிகளில் வாழ்கிறது. நம் பக்கத்து வெள்ளெலி ஓரளவு நோயைத் தாங்கக்கூடியது. தெள்ளுப்பூச்சி வழியே கிருமி வளைக்கு வளை சுற்றிக்கொண்டிருக்கும். அது வீட்டெலிக்குத் தாவினால் வீட்டெலி கூட்டமாகச் சாகும். பிணம் குளிர்ந்ததும் பூச்சி வேறு இரத்தம் தேடி மனிதனிடம் வரும். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதனை செய்து காட்டியது இதைத்தான். மனிதன் இந்தக் கதையில் நாயகனல்ல, வழியில் அகப்பட்டவன்.

1966இல் நம் கோலார் மாவட்டத்து முல்பாகலில் மனிதருக்குப் பிளேக் கண்டது. பிறகு 1994 வரை நாட்டில் உறுதிசெய்யப்பட்ட நோயாளி பதிவாகவில்லை. அதனால்தான் மூன்று மாநிலங்கள் கூடும் இந்த வட்டாரத்து எலிகளைப் பிடித்துச் சோதித்து வந்திருக்கிறார்கள்.

நாவலில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நோய் துணியில் இருக்கிறது என்று நம்பினால் ஏழையின் பாயைக் கொளுத்துவோம், தட்டி வீட்டைப் பிரிப்போம், "அழுக்குப் பசங்க" என்போம். நோய் வளையில் இருக்கிறது என்று தெரிந்தால் வளையைக் கவனிப்போம். எந்த உருவகத்தை நம்புகிறோமோ அதன்படி பழி ஒருவர் தலையில் விழுகிறது. ஓரான் நகரத்துக் கதையில் அரபு மக்கள் ஏறக்குறைய காணப்படவில்லை. காட்டு எலியும் இல்லை. நகருக்கு வெளியே எது வாழ்ந்தாலும் ஆசிரியர் கண்ணில் படவில்லை.

இருந்தாலும் பிள்ளைகளிடம் இந்நாவலைக் கொடுங்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஆயா சொன்னதையும் சொல்லுங்கள்.