சிறைக்குள் எழுதியதும் சிறையைப் பற்றி எழுதியதும்

ஓசூர் சாலையில் சந்தாபுராவைச் சுற்றி, பொம்மசந்திரா, ஜிகணி ஆலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களில் கிறிஸ்தவர்கள் கூடும் ஞாயிறு ஆராதனைகளில் பிலிப்பி சிறைக் கதைக்குத் தனி மவுசு. நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாட, பூமி அதிர்ந்து கதவுகள் திறந்த கதை அது. பவுலின் பெயரிலேயே உள்ள இரண்டாம் திமோத்தேயு நிருபத்தில் எந்தக் கதவும் திறக்கவில்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், தோற்சுருள்கள் வேண்டும், குளிர்காலத்துக்குள் நீ வர வேண்டும் என்று ஒரு கிழவர் சொல்லி அனுப்புகிறார். அந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. இருந்தாலும் ஆதிக் கிறிஸ்தவச் சிறை எழுத்துக்குள் நுழைய இந்த இரண்டும் நல்ல வாசல்கள். உள்ளே கிடந்தவர் எழுதியதில் குளிரும் பசியும் ஆள் தேடலும் தெரியும். வெளியே இருந்தவர் எழுதியதில் அற்புதம் முந்திக்கொள்ளும்.

ரோமானியச் சிறை பெரும்பாலும் விசாரணை வரை, அல்லது தலை போகும் நாள் வரை ஆளை அடைத்துவைக்கும் இடம்தான். வெளியிலிருந்து யாராவது சோறு கொண்டுவராவிட்டால் உள்ளே இருப்பவர் பாடு திண்டாட்டம். இரண்டாம் நூற்றாண்டின் நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரெகிரினுஸ் என்ற போலிச் சாமியார் சிறையில் கிடந்ததைப் பற்றி எழுதும்போது இதைக் காட்டுகிறார். விடிந்ததும் விதவைக் கிழவிகளும் அனாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் வந்து நிற்கிறார்கள். சபையின் பெரிய மனிதர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து அவனோடு உள்ளேயே படுக்கிறார்கள். இவர்களை ஏமாளிகள் என்று சிரிப்பதற்காக எழுதியது. அதனாலேயே பக்தர்கள் எழுதியதைவிட இந்தச் சாட்சியத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

கார்த்தேஜில் 203ஆம் ஆண்டு கொல்லப்பட்ட பெர்பெத்துவாவின் குறிப்புகள் இந்தத் துறையின் உச்சம். வயது ஏறக்குறைய 22, கையில் பால்குடிப் பிள்ளை. இருட்டு, ஆள் நெரிசலில் மூச்சு முட்டும் புழுக்கம், காசு பிடுங்கும் சிப்பாய்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைப் பற்றிய கவலை என்று தன் பயத்தை மறைக்காமல் எழுதுகிறார். தெர்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் பணம் கட்டிச் சில மணி நேரம் நல்ல இடம் வாங்கித் தந்தபோது, பசியில் துவண்ட பிள்ளைக்கு அங்கே பால் கொடுக்கிறார். பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த பிறகுதான் மனம் தேறுகிறது. காட்சிகளும் கண்டார். ஆயுதங்கள் தொங்கும் வெண்கல ஏணி, அதன் அடியில் பெரிய பாம்பு. அதில் ஏறிப் போனால், ஆடு கறக்கும் முதியவர் ஒருவர் ஒரு துண்டுப் பால்கட்டி தருகிறார். வாயில் இனிப்போடு விழிக்கிறார். பால் கொடுக்கும் தாய்க்கு வரும் கனவு. அரங்கில் அவர் செத்த விதத்தை வேறொரு கை எழுதியது. அங்கே நடையே மாறி, வீரம் தூக்கலாகிவிடுகிறது.

தமிழ் மண்ணில் இதே இரண்டு வகையும் உண்டு. அருளானந்தர் எனப்பட்ட மிஷனரி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்படுவதற்கு முன்பு, கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவை 1708இல் அடைத்தவரோ டேனிஷ் ஆளுநர் ஹாசியுஸ், அவரும் கிறிஸ்தவரே. சீகன்பால்கு ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

தேவசகாயத்தின் கதை வேறு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசு ஊழியர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், சொத்தெல்லாம் இழந்து நின்ற இவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம், 1749இல் கைது. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம், உள்ளங்காலில் அடி, புண்ணில் மிளகாய்த் தூள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டபோது ஜனங்கள் தேடி வந்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். அவர் தம் கையால் எழுதியதாக நம்மிடம் ஒன்றுமில்லை. குருக்களின் அறிக்கைகளும், பின்னால் வந்த நாடகமும் அம்மானையும்தான் அவருக்காகப் பேசுகின்றன. மதத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரச துரோகக் குற்றத்துக்கா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதுவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். ரோம் 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அளித்தது, சாதிப் பெயரை விட்டுவிட்டு.

தமிழ்ப் பிரசங்கங்களில் நான் கேட்டறியாத பகுதி ஒன்று இத்துறையில் உண்டு: தாங்க முடியாமல் பணிந்தவர்கள். பேரரசர் டேசியுஸ் 250இல் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பலியிட்டதற்கான சான்றிதழ்கள் எகிப்தில் 40க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், இன்னார் முன்னிலையில் பலியுணவைச் சுவைத்தேன் என்ற வாசகம், கீழே அதிகாரியின் கையெழுத்து. நம் தாலுகா அலுவலகச் சான்றிதழ் போலத்தான். முதலைத் தெய்வத்தின் பூசாரியம்மா ஒருவர்கூட அதை வாங்க வேண்டியிருந்தது. கார்த்தேஜில் பணிந்தவர்கள் பிறகு அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள், அப்போதும் சிறையில் பட்டினி கிடந்த விசுவாசிகள். இப்படி வாரி வழங்கக் கூடாது என்று தடுத்தவர், அந்த மாதங்களில் ஊரை விட்டு மறைந்திருந்த ஆயர் சிப்பிரியான்.