சிவப்புக்கும் விலை, வெண்மைக்கும் விலை

பறவையின் எச்சிலைத் தின்பதா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. தேனும் பூச்சியின் வாய்வழி வந்ததுதான். பறவைக்கூட்டு உணவில் கவலைப்பட வேண்டியது வேறு. வாங்குபவர் கண்ணுக்குப் பிடித்த நிறம் எதுவோ, அந்த நிறத்தோடு ரசாயனமும் சேர்ந்து வருகிறது.

இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாமில் வாழும் சில உழவாரன் குருவிகள் உமிழ்நீரை இழை இழையாக ஒட்டிக் கூடு கட்டுகின்றன. முன்பு சபாவின் கோமந்தோங் போன்ற குகைகளில் பிரம்பு ஏணியில் உயிரைப் பணயம் வைத்து ஏறி எடுத்தார்கள். இப்போது பெருமளவு கூடுகள், குருவிக் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைக்கும் இருட்டுக் கட்டடங்களிலிருந்து வருகின்றன. குஞ்சு பறந்த பிறகு எடுக்க வசதியான இந்த முறை நல்லதே. ஆனால் ஈரமும் வெப்பமும் நிறைந்த அந்த அறைகளின் தரையில் எச்சம் குவிகிறது. அது அழுகி அம்மோனியாவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, கூடு அதை உறிஞ்சிக்கொள்கிறது.

நெடுநாள் அப்படி ஊறிய கூடு சிவக்கும். குருவி ரத்தம் கக்கிக் கட்டியது என்ற கதையோடு அந்த ‘ரத்தக் கூடு’ மிக உயர்ந்த விலைக்குப் போனது. 2011இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் சோதித்தபோது மலேசியக் கூடுகளில் நைட்ரைட் அளவுக்கு மீறி இருந்தது தெரியவந்தது. இறக்குமதி நின்றது, பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வந்தது.

அந்த வரம்பு போதுமா? ஒருவேளைக்கு 5 கிராம் கூடு என்று வைத்துக்கொண்டால் 0.15 மில்லிகிராம்தான் உடலில் சேரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு சுமார் 4 மில்லிகிராம். ஆக, இது அச்சம் தராத அளவு. கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் உள்ள சிவப்புக் கூடு என்றால் அதே கிண்ணத்தில் 15 மில்லிகிராம்! ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை நைட்ரைட் குறைக்கும் என்பதால், உடல் தேற்றப் பறவைக்கூட்டைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

சமையலறையிலேயே பாதித் தீர்வு இருக்கிறது. நைட்ரைட் நீரில் கரையும். குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, இறகைச் சிமிட்டாவால் பொறுக்கி, நீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் பெரும்பகுதி போய்விடும். சத்து வீணாகிறதே என்று ஊறிய நீரையும் கிண்ணத்தில் ஊற்றினால் பலனில்லை. பிறகு கற்கண்டு சேர்த்து எவ்வளவு நேரம் ஆவியில் வேகவைத்தாலும் நைட்ரைட் கிண்ணத்தை விட்டு வெளியேறாது.

எந்தக் கழுவலுக்கும் அடங்காதது ஒவ்வாமை. 1990களில் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு உணவால் வந்த உயிராபத்தான ஒவ்வாமைகளில் பறவைக்கூடு முன்னணியில் இருந்தது. அவர்கள் சாப்பிட்டது சமைத்த கூடுதான். காரணம் கூட்டின் புரதம். விளம்பரங்கள் மெச்சுவதும் அதைத்தான். எடையில் பாதிக்கு மேல் புரதம், அதோடு சியாலிக் அமிலம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் தோல் பளபளக்கும், நுரையீரல் வலுக்கும் என்பவற்றுக்கு மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் ஆதரவு மெலிந்தது. அந்த விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

சிவப்பின் மவுசு சரிந்த பின் சந்தை தூய வெண்மையைத் தேடுகிறது. இறகும் கறையும் நிறைந்த மலிவான கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்து உயர்தரமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். எடை கூட்ட, இந்தியக் காடுகளில் வடியும் காரயா பிசினைப் பூசுவதும் உண்டு. பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடுவதால் பின்னாளில் சோதித்துப் பிடிப்பது கடினம். நைட்ரைட் எண்ணை மட்டும் பார்க்கும் சான்றிதழ் அதைக் காட்டாது. லேசான மஞ்சள் சாயலும் அங்கங்கே ஒட்டிய இறகும் உள்ள கூட்டைக் கேட்டு வாங்குவதே இப்போதைக்குப் பாதுகாப்பு. ஒரு மாலைப்பொழுது சிமிட்டாவோடு குனிந்து உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.