அமைதிதான் ஒழுங்கா?

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலே வைத்தியநாதர் கோயில் கொண்டிருக்கிறார். பேறுகால வேதனையில் துடித்த பெண்ணொருத்திக்கு, அவள் தாயின் உருவிலே வந்து சிவனே மகப்பேறு பார்த்தான் என்று தலபுராணம் கூறும். கூறட்டும்! கோயிலுக்குள்ளே கூறப்படும் கதை அது. விருப்பமுள்ளவர் கேட்கிறார், விருப்பமில்லாதவர் வெளியே நடக்கிறார். கேட்டுக் கசிந்துருகும் பக்தரும், தம் மகளுக்கு வலி கண்டால், கோயிலுக்கன்று, மருத்துவமனைக்கே விரைகிறார்! அந்த அளவுக்குப் பகுத்தறிவு வென்றிருக்கிறது.

ஆனால், அந்தப் புராணம் கோயில் மதிலைத் தாண்டி அரசுப் பள்ளிக்குள் நுழைந்தால்? அங்கே மாணவர் எழுந்து போக இயலுமா? "உட்கார்" என்றால் உட்கார வேண்டும். "பேசாதே" என்றால் வாய்பொத்த வேண்டும். ஒழுங்கு என்று அதற்குப் பெயர்!

நுழைந்ததைத் தலைநகரிலேயே கண்டோம். 2024 ஆகஸ்டு 28 அன்று, சென்னை அரசுப் பள்ளி ஒன்றிலே, தன்னம்பிக்கை ஊட்ட அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர் மறுபிறவி பேசினார், வினைப்பயன் பேசினார், உடற்குறையோடு பிறத்தல் முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்னும் பொருள்படப் பேசினார். அவையிலே இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் மறுத்துக் குரல் எழுப்பினார். மேடை தவறுணர்ந்ததா? இல்லை, அவரோடு வாதுக்கு நின்றது!

அப்பேச்சின் சரக்கைச் சற்றே எடைபோடுவோம். எந்த நீதிமன்றத்திலும், குற்றம் இன்னதென்று குற்றவாளிக்குச் சொல்வார்கள். வினைப்பயன் மன்றத்திலோ, குற்றமும் தெரியாது, செய்த நினைவும் இல்லை, சாட்சியும் இல்லை. தண்டனை மட்டும் உண்டு! நீதியா இது? இளம்பிள்ளை வாதம் எத்தனை எத்தனை பிஞ்சுக் கால்களை முடக்கிற்று! அதையும் பாவம் என்றனர். 2011 சனவரியில் மேற்கு வங்கத்திலே ஒரு குழந்தைக்குக் கண்டதோடு அந்நோய் இந்நாட்டில் ஓய்ந்தது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் சான்றளித்தது. முற்பிறவியிலே பாவம் செய்வதை மக்கள் திடீரென்று நிறுத்திக்கொண்டார்களா? இல்லை, தோழர்களே! சொட்டு மருந்து கொடுத்தோம், நோய் ஓடிற்று. அவ்வளவே. பிறந்த குலம் தாழ்ந்தது முன்வினையால் என்று நம் பாட்டன்மாரை அடக்கிய அதே வாதம்தான், இன்று தன்னம்பிக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அன்று அவ்வரங்கில் ஒழுங்கைக் குலைத்தவர் யார்? குறுக்கே பேசிய ஆசிரியர் என்பர் சிலர். நாம் மறுக்கிறோம். அரசுப் பணத்தில் முழுமையாக நடக்கும் கல்விக்கூடத்திலே சமயபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது 51அ பிரிவு. சட்டத்தை மீறியது மேடை. நிலைநாட்டியது அந்த ஒற்றைக் குரல்! பொய்யைக் கேட்டும் கைகட்டியிருக்கும் அமைதி ஒழுங்கன்று. அடக்கம் போர்த்திய அச்சம்.

அப்படியானால், பிள்ளையின் சமயத்தையும் பள்ளி வாயிலில் பறித்துவிட வேண்டுமோ? அன்று, அன்று! 1985-இல் கேரளத்திலே, நாட்டுப்பண் பாடப்பட்டபோது மரியாதையோடு எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையால் உடன்பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினர். உச்சநீதிமன்றம் 1986-இல் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. அந்நம்பிக்கையில் நமக்கு உடன்பாடில்லை. தீர்ப்பிலே முழு உடன்பாடு. குழந்தையின் மனச்சான்று எளியவரின் உரிமை. மேடையின் ஒலிபெருக்கி வலியவரின் கருவி. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

பின்னர் அரசு அச்சொற்பொழிவாளரைச் சிறைப்படுத்தியது, தலைமையாசிரியர்களை இடமாற்றியது. சிறைக்கதவு கண்டு கைதட்ட நமக்கு மனமில்லை. அவர் தம் மேடையிலே பேசட்டும். நம் மேடையிலே நாம் மறுப்போம். பள்ளி மேடை எவர்க்கும் பிரசார மேடையாகக் கூடாது என்பதே நம் வழக்கு. அதே ஆகஸ்டு 24, 25 நாள்களில் பழனியிலே அறநிலையத்துறை கூட்டிய முருகன் மாநாட்டில், மாணவரைக் கொண்டு கோயில்களில் கந்த சஷ்டி பாராயணம் செய்விக்கத் தீர்மானித்தார்களே! ஒரு கையால் தடுப்பதை மறுகையால் அழைப்பதா? நம்மவர் செய்தாலும் தவறு தவறே.

இளைஞர்களே! மடவார் வளாகத்துச் சிறுமி ஒருத்தி நாளை தன் பள்ளியிலே எழுந்து, "ஐயா, இதற்குச் சான்று என்ன?" என்று கேட்கட்டும். அவளை "உட்கார்" என்னாத ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கட்டும். ஒழுங்கு என்று நாம் போற்றுவது அதைத்தான்!