ஃபிக்மாவின் மாறிகள்: கொழுந்துத் திரையில் ஒரு பரீட்சை

இலங்கையின் அகலப்பாதைப் புகையிரத நிலையங்கள் யாவற்றிலும் உயரமான இடத்தில் அமைந்தது என்று பெயர்பெற்ற பட்டிப்பொல நிலையத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1891 மீற்றர் உயரத்துக் குளிரில் நிற்கும் பெயர்ப்பலகை, ஒரே ஊரின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்கி நிற்கிறது. பலகை எழுதுகிறவர் மூன்று எழுத்துக்கும் இடம் வகுத்துக்கொண்ட பிறகே தூரிகையைத் தொடுகிறார். தமிழையும் அரசகரும மொழியாக்கிய, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்ட இந்நாட்டில், கைபேசிச் செயலிகளின் திரைகளுக்கும் அதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் நாம் அன்றாடம் திறந்து பார்க்கும் செயலிகள் பலவற்றில் தமிழ் என்பது, ஆங்கிலத்துக்கென்று வெட்டிய சட்டத்துக்குள் கடைசி நாளில் திணிக்கப்பட்டு, பொத்தானின் விளிம்பில் பாதி எழுத்து அறுபட்டு, மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் ஒன்றோடொன்று மோதிக் கிடக்கும் காட்சியாகவே இருக்கிறது. இதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. திரையை வரைந்தவர் வரையும் வேளையில் தமிழைக் கண்ணால் காணவே இல்லை என்பதுதான் மூலகாரணம். ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளில் உள்ள ‘வேரியபிள்’ என்ற வசதியை, அதாவது மாறிகளை, நான் பரீட்சித்துப் பார்க்க முற்பட்டதன் நோக்கம் இதுவே: முதல் நாளிலேயே, முதல் சட்டத்திலேயே, தமிழைச் சரியாசனத்தில் இருத்திவைக்க இந்தக் கருவி உதவுமா?

ஃபிக்மா 2012இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் மென்பொருள் 2016 முதல் பொதுமக்களின் உபயோகத்துக்கு வந்து, இணைய உலாவிக்குள்ளேயே பலர் கூடி ஒரே திரையை வரையலாம் என்ற சௌகரியத்தினால் இத்துறையில் முதல் ஸ்தானத்தைப் பெற்றுவிட்டது. மாறிகள் அதில் சேர்ந்தது 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அதற்கு முன் ‘ஸ்டைல்’ என்ற ஒன்று இருந்தது. ஒரு நிறத்தையோ எழுத்தமைப்பையோ பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம், அவ்வளவே. மாறி அதைவிட நுட்பமானது. நிறம், எண், சொற்றொடர், ஆம்–இல்லை என்ற நால்வகை மதிப்புகளில் ஏதேனும் ஒன்றை ஒரு பெயருக்குள் வைத்து, அந்தப் பெயரைத் திரையின் எந்த உறுப்போடும் இணைத்துவிட்டால், சந்தர்ப்பத்துக்கேற்ப மதிப்பு மாறும், இணைப்பு மாறாது. இச்சந்தர்ப்பங்களுக்கு ‘மோட்’ என்று பெயர். ஒரே பெயர் சிங்கள மோடில் ஒரு சொல்லையும், தமிழ் மோடில் வேறொரு சொல்லையும், ஆங்கில மோடில் மற்றொன்றையும் தரும். மும்மொழி நாட்டின் வடிவமைப்பாளருக்கு இதைக்காட்டிலும் உவப்பான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

பரீட்சைக்கு நான் தேர்ந்தெடுத்த பொருள், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், உபயோகிக்கத்தக்க ஒரு நிறுவைத் திரை. கற்பனைக் கடைகளையும் விமானச் சீட்டுகளையும் வைத்துப் பழகுவதைவிட, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் லயங்களில் வாழும் ஆயிரக்கணக்கான பெண்களின் நாட்கூலியை நிர்ணயிக்கின்ற ஒரு விஷயத்தைக் கொண்டு கருவியைச் சோதிப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது. கூடையில் வந்த கொழுந்து எத்தனை கிலோ, சாக்கின் நிறை என்றும் மழைநாளில் தண்ணீரின் நிறை என்றும் கழிக்கப்படுவது எத்தனை, எஞ்சிய நிகரம் எத்தனை, அன்றைக்கு முழுநாட் கூலிக்குரிய முழுப்பேரா, அரைநாட் கூலிக்குரிய அரைப்பேரா என்பவற்றை, நிறுக்கிறவரும் கொழுந்து கொண்டுவந்தவரும் ஒருங்கே பார்த்து ஒப்புக்கொள்ளத்தக்க வகையில் காட்டும் திரை அது. கணக்கப்பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமாயிருக்கலாம். தராசின் மறுபுறம் நிற்கிறவருக்குப் போதாது.

மாறிகளின் சாளரத்தைத் திறந்தவுடன் முதலில் செய்யவேண்டியது தொகுப்பை உண்டாக்குவது. நான் மூன்று தொகுப்புகளை வகுத்துக்கொண்டேன். முதலாவதில் மூல நிறங்களும் மூல அளவுகளும் மட்டும், இரண்டாவதில் அவற்றின் உபயோகப் பெயர்கள், மூன்றாவதில் மொழி. மூலத் தொகுப்பில் ‘பச்சை/600’ என்று ஒரு நிறத்தை வைத்து, உபயோகத் தொகுப்பில் ‘பொத்தான்/முதன்மை’ என்ற பெயருக்கு நேரே நிறத்தின் எண்ணை எழுதாமல் அந்தப் பச்சையையே சுட்டும்படி செய்தேன். பெயரில் சாய்கோடு இட்டால் மென்பொருள் தானாகவே குழு பிரித்துக்கொள்கிறது. புள்ளியையும் நெளிவு அடைப்பையும் மட்டும் பெயரில் ஏற்பதில்லை. ஒரு மாறி இன்னொரு மாறியைச் சுட்டும் இந்த ஏற்பாட்டை ஆரம்பத்தில் வீண் சுற்றுவழி என்று நினைப்பவர்கள் பலர். உபயோகத் தொகுப்பில் ‘பகல்’, ‘இருள்’ என்று இரண்டு மோட்களைச் சேர்த்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். வெயிலடிக்கும் மடுவ வாசலில் கண்ணுக்கு இதமான பச்சை, மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கிய மாலையில் மண்ணிறமாகத் தெரியும். அந்நேரத்துக்கு வேறொரு மூலநிறத்தைச் சுட்டினால் திரையிலுள்ள எல்லாப் பொத்தான்களும் ஏககாலத்தில் மாறிவிடுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாத வேறுபாடு வேண்டும் என்ற சர்வதேச அணுகுதன்மை விதியை இரண்டு மோட்களிலும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியது அவசியம். அந்த வேலையை மாறி நமக்காகச் செய்துவிடாது.

இனி மொழித் தொகுப்பு. என் அபிப்பிராயத்தில் இக்கருவியின் முழுச் சிறப்பும் இங்கேதான் இருக்கிறது. திரையின் அடியில் உள்ள பொத்தானுக்கு ஆங்கில மோடில் ‘சப்மிட்’ என்பதற்குரிய ஆறு ரோமன் எழுத்துகள். தமிழ் மோடில் அரசாங்கப் படிவங்களின் வழக்கப்படி ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினேன். சட்டத்தின் மோடை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிய கணத்திலேயே அந்தச் சொல் பொத்தானின் இருபுறமும் பிதுங்கி நின்றது. ஆங்கிலத்தை மாத்திரம் வைத்து வரைந்திருந்தால் இந்தப் பிசகு செயலி எழுதி முடிந்து, மடுவத்தில் ஒருவர் கையில் கொடுக்கப்பட்ட பின்னரே வெளிப்பட்டிருக்கும். பொத்தானின் அகலத்தை ஒரே அளவில் நிறுத்தாமல், உள்ளடக்கத்துக்கேற்ப விரியும்படி செய்து, குறைந்தபட்ச அகலத்தை ஓர் எண் மாறியுடன் இணைத்தேன். பிறகு அந்தச் சொல்லையும் விட்டு, மடுவத்தில் யாவருக்கும் விளங்குகின்ற ‘பதிவு செய்’ என்பதைப் போட்டேன். இரண்டு மாற்றங்களும் சில நிமிஷங்களில் முடிந்தன.

சொல் மாறினால் மட்டும் போதாது, எழுத்துருவும் மாறவேண்டும். ரோமன் எழுத்துகள் மாத்திரம் உள்ள எழுத்துருவோடு தமிழ்ச் சொல்லைச் சேர்த்தால், மென்பொருள் தானாகக் கொண்டுவந்து நிறுத்தும் மாற்றெழுத்துருவின் தடிப்பும் உயரமும் பக்கத்திலுள்ள இலக்கங்களோடு ஒத்துப்போவதில்லை. எழுத்துருக் குடும்பத்தின் பெயரையே ஒரு சொற்றொடர் மாறியாக வைத்து இணைக்கும் வசதி உண்டு. ஆகவே சிங்கள மோடுக்கு நோட்டோ சான்ஸ் சிங்களா, தமிழ் மோடுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஆங்கில மோடுக்கு நோட்டோ சான்ஸ் என்று மூன்றையும் ஒரே பெயருக்குள் வைத்தேன். வரி உயரத்தையும் அப்படியே எண் மாறியாக்கி, 16 அளவு எழுத்துக்கு ஆங்கிலத்தில் 22, தமிழிலும் சிங்களத்திலும் 26 என்று கொடுத்தபோதுதான், தமிழில் ‘கூ’, ‘பூ’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் சிங்களத்தின் மேல்குறிகளும் மூச்சுவிட இடம் பெற்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: எண் மாறியை வரி உயரத்தோடு இணைத்தால் அது பிக்சலாகவே கொள்ளப்படுமாதலால், எழுத்தின் அளவைப் பின்னால் மாற்றுகிறவர்கள் வரி உயரத்தையும் நினைவாக மாற்றவேண்டும்.

எண் மாறிகளின் பிரயோசனத்தை நாட்சம்பளம் ஒன்றைக் கொண்டே உணரலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும், 2024இல் 1350 ரூபாயாகவும் ஆயிற்று. திரைகள் பலவற்றில் பரவிக்கிடக்கும் அந்தத் தொகையை ஒவ்வோரிடமாகத் தேடித் திருத்துவதில் ஓரிடம் விடுபட்டால், பழைய கூலியைக் காட்டும் ஒரு திரை எங்கேயோ உயிரோடு இருந்துவிடும். மாறியில் ஒருமுறை எழுதினால் போதும். தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடுகிற நாள் இலக்குக் கிலோவையும் அவ்விதமே ஒரு மாறியாக வைத்து, பரீட்சைக்காக 18 என்று எழுதிக்கொண்டேன்.

மாதிரித் திரையை இயக்கிப் பார்க்கும்போது மாறிகள் கணக்கும் செய்கின்றன. மொத்த நிறையிலிருந்து கழிவை நீக்கி நிகரத்தில் இடு, நிகரம் இலக்குக்குக் குறையாதாயின் ‘முழுப்பேர்’ என்ற ஆம்–இல்லை மாறியை ‘ஆம்’ ஆக்கு, இல்லையேல் ‘இல்லை’ ஆக்கு என்று ஒரு பொத்தானுக்குள் கட்டளைகளை அடுக்கினேன். கழிவை ஒரு கிலோ கூட்டும் பொத்தானை அழுத்த அழுத்த நிகரம் 20, 19, 18 என்று இறங்கி, 17ஐ அடைந்த அக்கணமே ‘முழுப்பேர்’ என்ற பச்சைப் பட்டை மறைந்து ‘அரைப்பேர்’ என்ற பட்டை தோன்றியது. தண்ணீருக்கென்று கழிக்கப்படும் ஒரு கிலோ ஒரு பெண்ணின் நாட்கூலியில் என்ன செய்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. இதைக் கண்ட பிறகு, மூலையில் சிறிய எழுத்தில் ஒதுக்கியிருந்த கழிவை நிகரத்துக்குச் சமமான அளவில் நடுவே கொண்டுவந்து வைத்தேன். செயலியை எழுதுவதற்கு முன்னரே இந்த அறிவு கிடைத்தது இக்கருவியால் விளைந்த நன்மை.

குறைகளும் உண்டு. மாதிரித் திரையில் விசைகளைத் தட்டி எண்ணை நேரே உள்ளிடும் வழி இல்லை. கூட்டல் பொத்தான், கழித்தல் பொத்தான் என்று பாவனை செய்துதான் சமாளிக்க வேண்டும். எண் மாறியைத் திரையில் எழுத்தாகக் காட்டினால் ஆயிரத்துக்குரிய காற்புள்ளியை அது தானாக இடாது. சொற்றொடர் மாறியோடு இணைத்த வாசகத்தில் ஒரு சொல்லை மாத்திரம் தடித்த எழுத்தாக்க முயன்றால் சிக்கல்தான். ஒவ்வொரு மாறியும் எங்கெங்கே தோன்றலாம் என்று எல்லை வகுக்கும் வசதி நல்லதே என்றாலும், புதிதாக உண்டாகும் மாறி எல்லையின்றிப் பிறக்கிறது. எழுத்து நிறத்துக்கென்று வைத்தது பின்னணிப் பட்டியலிலும் வந்து நிற்பதைத் தவிர்க்க, அவ்வெல்லையை ஆரம்பத்திலேயே வகுத்துவிடுவது உத்தமம்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. பொறுக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. இலவசத் திட்டத்தில் ஒரு தொகுப்புக்கு ஒரே ஒரு மோட்தான். ஒன்றுக்கு மேற்பட்ட மோட் வேண்டுமானால் மாதந்தோறும் டொலரில் கட்டணம் செலுத்தவேண்டும். ஒரு மொழியில் தொழில் செய்கிற தேசங்களில் இது பெரிய இழப்பன்று. இருள் மோடை விட்டுவிட்டால் போயிற்று. மும்மொழி நாட்டிலோ மோட் என்பது அலங்காரமன்று, அடிப்படை. இந்தக் கட்டணம், நமது தேசத்து இளைஞர்களைப் பொறுத்தவரை, தமிழையும் சிங்களத்தையும் திரையில் ஏற்றுவதற்குரிய வரியாகவே விழுகிறது. மொழிக்கு ஒன்றாக மூன்று மோட்களுக்காவது இலவசத் திட்டத்தில் இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இப்போதைக்கு, மாணவர்களாக இருப்பவர்கள் கல்விக்குரிய இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பித்து இத்தடையைத் தாண்டலாம். மற்றவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் திரைக் கூறுகளின் வெவ்வேறு வடிவங்களை வரைந்துகொள்ளலாம். வேலை அதிகம், ஆனால் வழி அடைபடவில்லை.

வேறொரு மார்க்கமும் உண்டு. ஸ்பெயினில் உருவான பென்பொட் என்ற திறமூல மென்பொருள், மாறிகளுக்கு ஒப்பான ‘டோக்கன்’ என்னும் ஏற்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது. நிறங்களுக்கும் அளவுகளுக்கும் அதில் பல தொகுதிகளை வகுத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம் என்பது, மழையிலும் பனியிலும் இணையத் தொடர்பு நூலிழையாகத் தேய்ந்துவிடும் மலைநாட்டில் அற்ப விஷயம் அன்று. ஃபிக்மாவோ தன் கோப்புகளைத் தொலைவிலுள்ள வழங்கிகளிலேயே வைக்கிறது. திறந்த கோப்பில் தொடர்பு அறுந்தாலும் செய்த மாற்றங்களைக் காத்துவைத்துப் பின்னர் சேர்த்துக்கொள்ளும் எனினும், முன்பு திறவாத கோப்பொன்றைத் திறக்கத் தொடர்பு வேண்டும். ஆனால் சொற்றொடரையும் எழுத்துருவையும் வரி உயரத்தையும் ஒரே சொடுக்கில் மொழி மாற்றிப் பார்க்கும் சுலபத்தில் ஃபிக்மாவே முந்திநிற்கிறது.

ஆகவே கட்டணம் செலுத்த வசதியுள்ள குழுக்களுக்கும், கல்வித் திட்டம் கிடைக்கும் மாணவர்களுக்கும் ஃபிக்மாவின் மாறிகளை நான் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். இலவசத் திட்டத்தில் தனியே தொழில் செய்கிறவர்கள் நிறங்களையும் அளவுகளையும் பென்பொட்டில் பழகிக்கொள்வது நலம். எந்தக் கருவியை எடுத்தாலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இத்தொழிலைக் கற்றுவரும் இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம்: மொழித் தொகுப்பை உண்டாக்கும்போது முதல் நிரலில் தமிழை எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் திரை நேராக நின்ற பிறகு ஆங்கிலத்தைச் சேருங்கள்.